எங்கள் படகுகளுக்கும் ஒரு எச்சரிக்கை அனுப்புங்கள், தமிழில்

கடல் எச்சரிக்கைகளை அனுப்பும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம் ஐயா. கேரளத்தின் தெற்கு எல்லையிலுள்ள பொழியூரில் வயர்லெஸ் செட்டும், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் ரிப்பேர் பார்க்கிற சின்னக் கடைக்காரன் எழுதுகிறேன். கடையை விட்டு இறங்கிக் கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் நீரோடி, தமிழ்நாடு வந்துவிடும். இரண்டு பக்கத்துப் படகுக்காரர்களும் என்னிடம் வருவார்கள். சோமாலியக் கொள்ளையர்கள் மறுபடி கிளம்பிய கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்பது ஒன்றுதான்: பெரிய கப்பல்களுக்குப் போகிற கடற்கொள்ளை எச்சரிக்கையை எங்கள் ஆழ்கடல் படகுகளுக்கும் அனுப்புங்கள், தமிழிலும் மலையாளத்திலும்.

இதை எழுத வைத்தது, போன மாதம் உங்கள் ஆட்கள் இங்கே கூட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பிளாஸ்டிக் உறை போட்ட தாள். முழுக்க ஆங்கிலம். படகை ஓட்டுகிற ஒரு ஸ்ராங்கு அதைக் கடைக்குக் கொண்டுவந்து, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு, ஒண்ணு வாசி" என்றார். வாசித்தேன். வேகத்தை 18 நாட், அதாவது மணிக்கு 18 கடல் மைலுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டுமாம். இந்தப் படகுகள் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு போனால் 7, 8 நாட் ஓடும், அதுவும் எஞ்சின் மனசு வைத்தால். சுற்றிலும் முள்கம்பிச் சுருள் கட்ட வேண்டுமாம். தூண்டில் போடுகிற படகில் முள்கம்பி கட்டினால் முதல் கொக்கியே அதில்தானே மாட்டும்? கொள்ளையர்கள் ஏறிவிட்டால் எல்லோரும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிற பாதுகாப்பு அறை வேண்டுமாம். படகில் பூட்டு இருக்கிற ஒரே இடம் ஐஸ் அறைதான். ஸ்ராங்கு சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்போ அவன் எங்க நிக்கான்னு மட்டும் இதுல இல்ல" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அது மட்டும்தான் ஐயா எங்களுக்கு வேண்டும். அவன் எங்கே நிற்கிறான் என்பது.

இந்த வருடம் லட்சத்தீவு தாண்டிப் போன படகில் என் மச்சானும் இருந்தார். பின்னிரவில் ஒரு பெரிய கண்டெய்னர் கப்பல், விளக்கெல்லாம் அணைத்தபடி வந்தது. இவர்கள் நூல் இழுத்துக்கொண்டிருந்தார்கள், மைல் கணக்கில் தூண்டில் தண்ணீரில் கிடக்கிறது, அறுத்துவிட்டு ஓடவும் மனசு வரவில்லை. கப்பலிலிருந்து சர்ச்லைட் அடித்தார்கள், ஹாரன் விடாமல் ஊதினார்கள், வயர்லெஸ்ஸில் எல்லாக் கப்பலும் கேட்கிற சானல் 16இல் ஆங்கிலத்தில் ஒருவன் கத்தினான். மச்சான் என்ன செய்தார் தெரியுமா? தளத்தில் கிடந்த ஒரு சூரையை வாலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். நாங்கள் மீன்காரர்கள் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த மொழி அதுதான். கை நடுங்கி மீன் ஒரு முறை நழுவியது, திரும்பக் குனிந்து எடுக்கப் பயமாக இருந்தது, துப்பாக்கி எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று சொன்னார். கப்பல்காரனுக்கு எச்சரிக்கை வந்திருக்கும், அதனால்தான் பயந்தான். இவர்களுக்கு எதுவும் வரவில்லை.

பயந்த கப்பல் என்ன செய்யும் என்று இந்தக் கரைக்குத் தெரியும். 2012 பிப்ரவரி 15, என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல். கொள்ளையர்கள் என்று நினைத்து இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் செத்த இரண்டு பேரில் ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் எங்கள் குமரிக் கரைக்காரர். 2021இல் பத்துக் கோடி நஷ்ட ஈட்டோடு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. சரி.

இதில் இன்னொரு வினை இருக்கிறது. கொள்ளையனின் சின்ன ஸ்பீடுபோட் சோமாலியாவிலிருந்து இவ்வளவு தூரம் தானாக வராது, அதைச் சுமந்து வர ஒரு தாய்க்கப்பல் வேண்டும், தாய்க்கப்பலுக்கு அவன் பிடிப்பது பெரும்பாலும் மீன்பிடிக் கப்பலை. 2024 ஜனவரியில் நம் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் சுமித்ரா கொச்சிக்கு மேற்கே 850 நாட்டிகல் மைல் தூரத்தில் அடுத்தடுத்து மீட்ட இமான், அல் நயீமி இரண்டுமே மீன்பிடிக் கப்பல்கள்தான். ஒன்று பிடிபட்டால் அப்புறம் அந்தக் கடலில் இருக்கிற எல்லாப் படகும் கள்ளன் படகாகத்தான் தெரியும்.

2011இல் கொச்சித் தொப்பும்படித் துறைமுகத்தில் நான் வேலை பழகியபோது, கொச்சியில் நங்கூரமிட்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பாய்மரப் படகில் செட் பார்க்கப் போயிருக்கிறேன். வயதான புருஷனும் பெண்டாட்டியும், அவர்கள் இருவரும்தான் மாலுமிகள். அவர்களுடைய வரைபடத்தில் கடற்கொள்ளை அபாயப் பகுதியின் கிழக்கு எல்லைக் கோடு 78 டிகிரி தீர்க்கரேகையில் ஓடியது, கன்னியாகுமரிக்கும் கிழக்கே. என் வீடே அதற்குள்! அந்தப் பிப்ரவரியில்தான் மும்பையிலிருந்து ஓமானுக்குக் கிளம்பிய குவெஸ்ட் என்ற படகில் நாலு அமெரிக்கர்களைக் கொன்றிருந்தார்கள். அதற்கு முன் லின் ரைவல் என்ற பாய்மரப் படகின் தம்பதியை 388 நாள் பிடித்து வைத்திருந்தார்கள். நான் செட் பார்க்கப் போன அந்த வயதான தம்பதி, எங்கே என்ன நடந்தது என்று தினமும் மின்னஞ்சலில் படித்து, செங்கடல் வழியே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஊர் சுற்ற வந்த இரண்டு பேருக்குக் கிடைத்த அந்தத் தகவல், பிழைப்புக்குப் போகிற என் மச்சானுக்கு இன்றைக்கும் கிடைக்கவில்லை.

இதைச் சொன்னால் கேரள அலுவலகத்தில் "உங்கள் படகு தமிழ்நாட்டுப் பதிவு" என்பார்கள். தமிழ்நாட்டு அலுவலகத்தில் "நீங்கள் கிளம்புவது கொச்சியிலிருந்துதானே" என்பார்கள். கொள்ளைக்காரன் பதிவு எண் பார்த்து ஏறுவதில்லை என்று நினைக்கிறேன், ஒருவேளை உங்களிடம் கேட்டுவிட்டு ஏறுவானோ என்னவோ. ஒகி புயலில் எத்தனை வீட்டில் விளக்கு அணைந்தது என்று பார்த்த பிறகும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். படகுகளில் நீங்கள் பொருத்தியிருக்கும் டிரான்ஸ்பாண்டருக்கு (செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும், வாங்கும் கருவிக்கு) கரையிலிருந்து குறுஞ்செய்தி அனுப்ப முடியும், உள்ளூர் மொழியிலேயே. புயலுக்கு அனுப்பலாம் என்றால் இதற்கும் அனுப்பலாம். இடம், தேதி, "மேற்கே போகாதே". மூன்று வரி போதும். தமிழில் எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

தயவுசெய்து சீக்கிரம் செய்யுங்கள். வருகிற திங்கட்கிழமை மச்சான் தொப்பும்படியிலிருந்து மறுபடி கிளம்புகிறார்.

பணிவுடன்,
பொழியூர் வயர்லெஸ் கடைக்காரன்