கல்லறைத் தோட்டத்தில் கதை சொல்லும் மகளுக்கு

சிவமயம்

கானாடுகாத்தான்,
கார்த்திகை மாதம்

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஆத்தாவும் நலம். நீ நலமாக இருக்க வயிரவன்பட்டி வயிரவர் துணை நிற்பார்.

உன் தேவகோட்டை அயித்தான் எடின்பரோவிலிருந்து திரும்பிய கையோடு வீட்டுக்கு வந்திருந்தார். ஹாரி பாட்டர் கதையோடு சேர்த்துப் பேசப்படும் இடங்களையெல்லாம் காட்டிக்கொண்டு நீ கூட்டிச் சென்ற நடைப்பயணத்தில் குடும்பத்தோடு கலந்துகொண்டதை, பட்டாலையில் உட்கார்ந்து இடம் இடமாகச் சொன்னார். பல தேசத்து மனிதர்கள் உன்னைச் சூழ்ந்து நின்று வாய் பிளந்து கேட்டார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆனால் வாரத்தில் ஐந்து நாளும் நீ இந்த வேலையில்தான் இருக்கிறாய் என்பதையும் அவர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். ஆராய்ச்சிப் படிப்புக்கு நடுவே சனி, ஞாயிறுகளில் மட்டும் கைச்செலவுக்காகச் செய்கிறேன் என்று நீ சொன்னதை அப்படியே நம்பியிருந்த ஆத்தா, மறுபேச்சுப் பேசாமல் காப்பி கலக்க எழுந்து போனாள்.

அதை இப்போது எழுதப் போவதில்லை. உன் தொண்டையைப் பற்றித்தான் எழுத வேண்டும். மார்கழியில் அங்கே நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்றும், கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தால் எதிரில் நிற்பவர் முகமே தெரியாது என்றும் அயித்தான் சொன்னார். அந்தக் குளிரில் இரண்டு மணி நேரம் உரக்கப் பேசினால் தொண்டை என்னத்துக்கு ஆகும்? மேட்டில் ஏறும்போது பேசாதே. எல்லோரும் வந்து சேரும்வரை பொறுத்து, ஒரு சுவரை முதுகுக்கு வைத்து நின்று, குரலைத் தாழ்த்திப் பேசு. சித்தரத்தையும் பனங்கற்கண்டும் பார்சலில் வருகின்றன. சித்தரத்தையைச் சிறு துண்டாகக் கடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள். போன முறை அனுப்பியதைப் பிரிக்கவே இல்லை என்று சொன்னாய். இந்த முறை அப்படிச் செய்யாதே.

ஆத்தாவின் கவலை வேறு. பொழுது சாயும் நேரத்தில் பெண்பிள்ளை தினமும் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குள் போய் நிற்பது அவளுக்கு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிக்கிறாளா என்று கேட்கிறாள். அந்த ஊர்க் குளிரில் அது நடவாது என்று எனக்குத் தெரியும். காலையாவது கழுவிவிட்டு நெற்றிக்குத் திருநீறு இட்டுக்கொள்.

அந்தத் தோட்டத்தில் தாமஸ் ரிடெல் என்பவரின் கல்லுக்கு முன்னால் நீ பேசியதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். கதையில் வரும் கொடியவனின் இயற்பெயரைப் போலவே இருப்பதால் எல்லோரும் அந்தக் கல்லைத் தேடி வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். நீயோ அவர்களை நிறுத்தி, கல்லில் பொறித்திருப்பதை முழுவதும் படித்துக் காட்டினாயாம். 1806-இல் 72 வயதில் எடின்பரோவில் இறந்த தந்தையின் பெயருக்குக் கீழே, 14-ஆம் படைப்பிரிவின் கேப்டனாக இருந்து 1802-இல் டிரினிடாடில் 26 வயதில் இறந்த, அதே பெயர் கொண்ட மகனின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று அயித்தான் சொன்னார். பிள்ளை போன செய்தி கப்பல் வழியாக வந்து சேர எத்தனை மாதம் ஆயிற்றோ, அதுவரை அந்த மனிதர் மகன் உயிரோடு இருப்பதாகவே எண்ணிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாரோ என்று எனக்குத் தோன்றியது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். கடல் கடந்து கொண்டுவிற்கப் போன பிள்ளைகள் மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை இங்கிருந்தவர்கள் கடிதத்தை நம்பித்தானே இருந்தார்கள். என் ஐயா இரங்கூனிலிருந்து எழுதியவை இரண்டாம் கட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றன. காய்ச்சலில் கிடந்ததையும் வரவேண்டிய பணம் வராமல் போனதையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நீ அடுத்த முறை வரும்போது அவற்றைப் படிக்க வேண்டும்.

வந்தவர்களிடம் இல்லாததைச் சொல்லாத உன் குணம் எனக்குப் பெரிய ஆறுதல். எலிஃபண்ட் ஹவுஸ் காப்பிக் கடையை ஹாரி பாட்டர் பிறந்த இடம் என்று எவ்வளவு காலம் காட்டினார்கள்! அங்கே கால் வைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே கதையை எழுதத் தொடங்கிவிட்டதாக ரௌலிங் அம்மையாரே 2020-இல் சொல்லிவிட்டார். 1990-இல் மான்செஸ்டரிலிருந்து லண்டனுக்குப் போன, தாமதமாகிப்போன ரயிலில் தோன்றிய கதை அது. விக்டோரியா தெருவின் வளைவையும் வண்ணக் கடைகளையும் பார்த்தவுடன் இங்கேதானே படம் எடுத்தார்கள் என்று கேட்கிறவர்களிடம், படத்தில் வரும் மந்திரக் கடைவீதி லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டன் ஸ்டூடியோவில் போட்ட செட் என்று நீ சொல்லிவிடுகிறாயாம். ஒரு சிறுவனின் முகம் வாடிவிட்டதாகவும், உடனே நீ அவனைப் பால்மோரல் ஓட்டல் தெரியும் இடத்துக்கு அழைத்துப்போய், 2007 ஜனவரி 11 அன்று 552-ஆம் அறையில் கடைசிப் புத்தகத்தை முடித்துவிட்டு, அங்கிருந்த பளிங்குச் சிலையிலேயே ரௌலிங் அம்மையார் அதை எழுதி வைத்ததைச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அந்தச் சிறுவனுக்கு மெய்யான ஓர் இடத்தைக் காட்டிவிட்டாய். இடம் இரண்டு வகை; படம் எடுத்த இடம் ஒன்று, கதைக்கு வித்திட்டதாகப் பேசப்படும் இடம் மற்றொன்று. இரண்டையும் கலக்காமல் சொல்வதற்குத் துணிவு வேண்டும். கூட்டம் குறைந்தாலும் அதை விட்டுவிடாதே.

நம் வீட்டில் படப்பிடிப்பு நடந்தது உனக்கு நினைவிருக்கும். அந்தக் கம்பெனிக்காரர்கள் வளவுச் சுவரில் திரை கட்ட ஆணி அடித்து, கண்ணாடிபோல் இருந்த பூச்சில் கையகலம் பெயர்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பூச்சுக்கு இணையாகப் பூச இன்றைக்கு ஆள் கிடைக்கவில்லை. வெள்ளைச் சிமெண்டு வைத்த இடம் மட்டும் மங்கலாகத் தனித்துத் தெரிகிறது. இப்போதும் வெளியூரிலிருந்து வருபவர்கள் கதாநாயகன் உட்கார்ந்த ஊஞ்சலைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் ஊஞ்சலைக் காட்டிவிட்டு, பர்மாத் தேக்குத் தூண்களையும், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்த்த ஆத்தங்குடிக் கற்களையும் காட்டி, எந்தக் கல்யாணத்துக்கு எங்கே பந்தி நடந்தது என்பதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். ஆகவே உன் வேலை தாழ்ந்தது என்று நான் நினைப்பதாக நீ எண்ணிவிடாதே. படிப்பவர்கள் படிக்கட்டும் என்று விட்டுவிடாமல் நின்று சொல்கிறாயே, அது எல்லோருக்கும் வராது. ஆனால் நின்று சொல்கிறவளுக்குத் தொண்டை வேண்டும். கம்பளித் துணியைக் கழுத்தில் சுற்றாமல் வெளியே போகாதே.

கிளென்ஃபினன் ரயில் பாலத்தின் பட அட்டை வந்து சேர்ந்தது. படத்தில் மாயப்பள்ளி ரயில் போகும் பாலம் அதுதான் என்றும், 1901-இல் திறந்தது என்றும் எழுதியிருந்தாய். அட்டை முழுவதும் பாலத்தைப் பற்றியே இருந்தது. உன்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வளைவுகளை எண்ணிப் பார்த்து, பிள்ளையார் நோன்பில் திரியாகத் திரிக்கும் நூலிழைபோல 21 என்று மகிழ்ந்து, சாமி வீட்டில் வைத்திருக்கிறாள். இவ்வாண்டும் உனக்கான இழையைச் சேர்த்து வைப்பாள். அங்கே நம்மவர்கள் யாராவது கூடி நோன்பு கொண்டாடினால் அவர்களோடு சேர்ந்து எடுத்துக்கொள். தனியாக இருந்தால் அந்த நேரத்தில் கைபேசியிலாவது எங்கள் முகத்தைப் பார். அன்றைக்குச் சாயங்கால நடையை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடு.

உன் பேராசிரியர் நலமாக இருக்கிறாரா என்று ஆத்தா கேட்கச் சொன்னாள். வைகாசிக்குப் பிறகு அவரைப் பற்றி உன் பேச்சில் ஒன்றும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டணத்தின் அடுத்த தவணைக்காக எடுத்து வைத்த பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது. தைக்குள் அதை அனுப்ப வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் எழுது. வேண்டாம் என்று எழுதினாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆத்தா கேட்பாள், அவளுக்கு நீயே பதில் சொல்.

இப்படிக்கு,
அப்பச்சி