ரத்தம் ஒரு காரணமா?

ஆசிரியருக்கு,

மாயக் கதைகளிலும் அறிவியல் புனைகதைகளிலும் ஒருவன் கெட்டவனாக இருப்பதற்கு அவன் ரத்தமே காரணம் என்று எழுதிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அப்பா அரக்கன், அதனால் மகனும் அரக்கன். சரி, அப்படியென்றால் அந்த மகன் எதையும் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லையே, அவனை எப்படி வெறுப்பது?

2017இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகி ரேயின் பெற்றோர் யாரோ சாதாரண மனிதர்கள் என்றபோது அவளுடைய கோபமும் தனிமையும் முழுக்க அவளுடையதாகவே இருந்தன, ஆனால் 2019 படம் அவளை வில்லனான பேரரசன் பால்பட்டீனின் பேத்தி ஆக்கியதும் அதெல்லாம் தாத்தா விட்டுப்போன சொத்தாகிவிட்டது. கடைசியில் அவள் அந்த உறவை உதறுகிறாள், அது நல்ல விஷயம்தான். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் தீயவர்களின் படையாக வரும் ஓர்க்குகள் என்ற இனத்தார் பிறவியிலேயே திருத்த முடியாதவர்களா என்ற கேள்வி அவர்களைப் படைத்த எழுத்தாளர் டோல்கீனையே உறுத்தியிருக்கிறது.

இரணியனுக்குப் பிறந்த பிரகலாதனை நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பயம், அவமானம், பேராசை, பாசம் என்று ஒருவனைக் கெடுக்க எத்தனையோ இருக்கும்போது எழுத்தாளர்கள் ஏன் வம்சாவளியைத் தேடிப் போகிறார்கள்? உங்கள் விமர்சகர்களாவது இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்