நெல் வயலில் குறைக்க வேண்டிய வேலைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

டெல்டாவில் சாகுபடிச் செலவு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மானியமும் கொள்முதல் விலையும்தான் முன்னால் வருகின்றன. இரண்டும் வேண்டியவையே. ஆனால் நடவுக்கும் அறுவடைக்கும் நடுவில் பயிர் கேட்காமலே நாம் செய்யும் வேலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வயலில் எந்நேரமும் தண்ணீர் தேக்குவது, நாள்கணக்கு வைத்து யூரியா போடுவது, நட்ட 40 நாளுக்குள் பூச்சிமருந்து அடிப்பது ஆகிய மூன்றையும் குறைத்தால் மகசூல் குறையாது. செலவு மட்டுமே குறையும்.

முதலில் தண்ணீர். நெல் தண்ணீரில் நின்றாலும் தாங்கும் பயிர்; தண்ணீரிலேயே நின்றாக வேண்டிய பயிர் அல்ல. தேங்கிய நீரால் கிடைக்கும் பெரிய பயன் களை அடங்குவதுதான். அதனால் நட்ட முதல் இரண்டு வாரம் 2 முதல் 3 செ.மீ. நீர் நிற்கட்டும். அதன்பின் வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும்.

எப்போது பாய்ச்சுவது என்பதைக் கண்ணால் கணிப்பதில்தான் தவறு நடக்கிறது. மேல்மண் காய்ந்ததும் பதறி மடையைத் திறந்துவிடுகிறோம். வேர் இருக்கும் ஆழத்தில் ஈரம் அப்படியே இருக்கும். இதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். 15 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள துண்டில் கீழ்ப் பாதி முழுவதும் 2 செ.மீ. இடைவெளியில் சிறு துளைகள் இட வேண்டும். துளையிட்ட 20 செ.மீ. மண்ணுக்குள் இருக்குமாறு இறக்கி, உள்ளே சிக்கிய சேற்றை அடிவரை அள்ளிவிட வேண்டும். இதை மறந்தால் குழாய் எதையும் காட்டாது. பாய்ச்சியவுடன் குழாயின் உள்ளும் வெளியும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். உள்ளே நீர் தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. இறங்கிய பிறகு 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டினால் போதும்.

குழாயை மேட்டில் வைத்தால் அடிக்கடி பாய்ச்ச நேரும். பள்ளத்தில் வைத்தால் மேட்டுப் பயிர் வாடும். வரப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வயலின் சராசரி மட்டத்தில் வைப்பதே சரி. பரம்படித்து மட்டம் செய்யாத வயலில் இந்த முறையே சரிவராது. களிமண்ணில் இன்னொரு எச்சரிக்கை: மெல்லிய வெடிப்பு கண்டதும், குழாயில் நீர் 15 செ.மீ. இறங்காவிட்டாலும் பாய்ச்சிவிடுங்கள். வெடிப்பு விரல் அகலம் ஆகிவிட்டால் அடுத்த தண்ணீர் அதன் வழியே அடியில் போய்விடும், மிச்சம் பிடித்ததெல்லாம் வீண். பூ வெடிப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை காயவிடவே கூடாது, விட்டால் பதர் விழும். கடலோர உவர் நிலங்களுக்கு இந்த முறை வேண்டாம். அங்கே காயவிட்டால் உப்பு மேலே ஏறும்.

யூரியாவுக்கு அளவுகோல் இலை வண்ண அட்டை; வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட நிறப்பட்டைகள் கொண்டது. நட்ட 14ஆம் நாள் தொடங்கிப் பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், பத்துக் குத்துகளில் (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகள் ஒரு குத்து) முழுதும் விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராகப் படாமல் உடம்பால் மறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது முக்கியம். கண் மாறினால் கணக்கும் மாறும். பத்தில் ஆறு இலைகளாவது 4ஆம் நிறத்தைவிட வெளிறியிருந்தால் (வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் நிறம்) மேலுரம் இடலாம். குறுவைக்கு ஏக்கருக்குச் சுமார் 30 கிலோ, சம்பாவுக்கு 26 கிலோ யூரியா. வெளிறவில்லை என்றால் அந்த வாரம் ஒன்றும் போட வேண்டாம். பக்கத்து வயல் கருகருவென்று இருக்கிறதே என்று 45 கிலோ மூட்டையை அப்படியே அவிழ்த்துக் கொட்டுவதுதான் இலைச்சுருட்டுப் புழுவையும், தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியையும், குலை நோயையும் வரவழைக்கிறது. கதிர் முற்றும்போது பயிர் சாய்வதற்கும் அது ஒரு காரணம்.

மருந்து விஷயமும் இதே கதைதான். தூர் கட்டும் பருவத்தில், அதாவது பயிர் அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும் பருவத்தில், சில இலைகள் சுருண்டாலும் பயிர் புதிய இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். இலைச்சேதம் 10 சதவீதத்தைத் தொட்டால்தான் மருந்து பற்றி யோசிக்க வேண்டும். பூக்கும் தருணத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம். முன்கூட்டி அடிக்கும் மருந்து பூச்சிகளைத் தின்னும் சிலந்திகளைக் கொல்கிறது. அவை இல்லாத வயலில் புகையான் தடையின்றிப் பெருகும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம், சிலந்தி இல்லாவிட்டால் ஒன்றே எல்லை. இந்த எண்ணிக்கையை எடுக்க வயலில் அரை மணி நேரம் குனிந்து நடந்தால் போதும்.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 2000களின் தொடக்கத்தில் விதை, உரம், மருந்து மூன்றையும் குறைத்து மகசூல், தரம், லாபம் மூன்றையும் கூட்டுவோம் என்று அரசே இயக்கம் நடத்தியது. பின்னர் தண்ணீரையும் குறைக்க வேண்டியவற்றில் சேர்த்தார்கள்.

நம் பகுதியில் விவசாயி தண்ணீரைத் தேக்குவது அறியாமையால் மட்டுமல்ல. வாய்க்காலில் அடுத்த முறை என்று வரும் என்று தெரியாதவர் கிடைத்தபோது தேக்கத்தான் செய்வார். ஆகவே நீர்வளத்துறை ஒவ்வொரு வாய்க்காலுக்கும் முறைப்பாசனத் தேதிகளைப் பதினைந்து நாள் முன்பே அறிவித்து, அதன்படியே தண்ணீர் விட வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் யூரியா வாங்குவோருக்கு இலை வண்ண அட்டையும் கையோடு தரலாம். செயல்விளக்க வயல்களை எத்தனை ஏக்கர் என்று மட்டும் கணக்கெடுக்காமல், ஒரு குவிண்டால் நெல்லுக்கு என்ன செலவானது என்பதை அறுவடைக்குப் பின் அந்தந்த ஊராட்சியிலேயே எழுதி ஒட்டுமாறு வேளாண்மைத்துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெல் சாகுபடியாளர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.