இணை நோய் என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காய்ச்சல் பரவும் ஒவ்வொரு சீசனிலும் செய்தியின் கடைசியில் ஒரு வரி வந்துவிடுகிறது, 'இணை நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்' என்று. இணை நோய் என்றால் சர்க்கரை, பி.பி., இதய நோய் மாதிரி ஏற்கெனவே உடம்பில் இருக்கிற நோய். அவ்வளவுதான். எப்படிக் கவனமாக இருப்பது, மாத்திரை தீர்ந்தால் யார் தருவார், நெஞ்சு வலித்தால் எந்த வாசலில் போய் நிற்பது, அதெல்லாம் ஒன்றும் கிடையாது. எனக்கு 17 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. என் மனைவிக்கு 2019 நவம்பரில் ஸ்டென்ட், அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய், வைத்தார்கள். ஆக அந்தக் கடைசி வரியில் வருகிறவர்கள் நாங்கள்தான், எழுதக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கொரோனா காலத்தில் தினமும் மாலை சுகாதாரத் துறை அறிக்கை வரும். இறந்தவரின் வயது, ஆணா பெண்ணா, அவருக்குச் சர்க்கரை இருந்ததா, பி.பி. இருந்ததா, இதய நோய் இருந்ததா என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். டிவியில் அதைச் சுருக்கி, இன்று இறந்தவர்களில் இத்தனை பேருக்கு இணை நோய் இருந்தது என்பார்கள். செத்ததற்குத் தொற்றும் காரணமில்லை, ஆஸ்பத்திரியும் காரணமில்லை, அவருடைய சர்க்கரைதான் காரணம் என்பது போல இருக்கும் கேட்கும்போது. எங்கள் தெருவில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு 'அப்ப நமக்கு ஒண்ணும் ஆகாது' என்று நிம்மதியாகிவிட்டார். என் மனைவி எழுந்து டிவியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அறிக்கையில் பேர் வாங்கிய அந்த நோய்களுக்கு அப்போது வைத்தியம் எங்கே நடந்தது? பல ஊர்களில் புறநோயாளி பிரிவையே மூடிவிட்டார்கள், திறந்திருந்த இடத்திலும் சர்க்கரை, பி.பி. பார்க்கும் நர்சுகளைக் காய்ச்சல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல இது. உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் 155 நாடுகளில் விசாரித்தபோது, பி.பி. சிகிச்சை பாதியோ முழுதோ நின்றுபோன நாடுகள் 53 சதவீதம், சர்க்கரைக்கு 49 சதவீதம், மாரடைப்பு போன்ற அவசர சிகிச்சையே தடைப்பட்டவை 31 சதவீதம் என்று தெரியவந்தது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை தருவார்கள், குறைந்தது ஒரு வருடத்துக்கு ஒரு நாள்கூட விடக்கூடாது, விட்டால் உள்ளே வைத்த குழாயிலேயே கட்டி உறைந்து அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு என்று அறிவித்தபோது எங்களிடம் 12 நாள் மாத்திரை இருந்தது. கோவில்பட்டியில் நாலு மெடிக்கலில் கேட்டேன், அந்தக் கம்பெனி மாத்திரை இல்லை, அதே மருந்து வேறு கம்பெனியில் இருக்கிறது என்றார்கள். அட்டை கலர் வேறாக இருக்கிறதே என்று என் மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. கம்பெனி பேர்தான் வேறு, உள்ளே இருக்கிற மருந்து ஒன்றுதான் என்று அந்தக் கடைக்காரர் சொன்னதை நாங்கள் நம்பியிருக்கலாம். (மருந்தின் உண்மையான பேரை எழுதிக்கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கி வைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புத்தியில் ஏறியது.)

நான் மறுபடி மறுபடி வெளியே போய் அலைந்தால் சர்க்கரைக்காரனான எனக்குத் தொற்றிவிடும் என்று பயந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இருந்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் மூன்றாவது வாரம், விடியற்காலை 4 மணி இருக்கும். வியர்த்துக் கொட்டுகிறது, தாடையிலிருந்து இடது கை வரை இழுக்கிறது என்றாள். கேஸ்தான், ஓமத்தண்ணி போடுங்கள் என்கிறாள். 108-க்கு அடிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். 'அதுல ஏறினா கொரோனா வார்டுல கொண்டு போய்ப் போட்ருவாங்க, உங்கள பாக்கக்கூட விடமாட்டாங்க.' அப்படியே நாலு மணி நேரம் போய்விட்டது. இதயம் அடைத்துக்கொண்டால் முதல் சில மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்கினால்தான் தசை பிழைக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை, ஆனால் அன்றைக்கு அவளுக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது.

பிறகு தெருக்காரர் ஒருவர் காரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேட்டிலேயே நிறுத்தி, கொரோனா இல்லை என்று சர்டிபிகேட் இருக்கிறதா என்றார்கள். அது வர இரண்டு நாள் ஆகும். வேப்ப மரத்தடியில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தோம். கடைசியில் ஒரு இளம் டாக்டர், பேர் கேட்டுக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை எனக்கு, பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு வராந்தாவிலேயே ஈ.சி.ஜி. எடுத்தார். அந்தத் துண்டுக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் எல்லாம் வேகமாக நடந்தது. பிழைத்துவிட்டாள். ஆனால் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுகிற அளவு 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று எக்கோ ஸ்கேனில் வந்தது, இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுதான் ஏறுகிறாள்.

திருநெல்வேலியில் இருக்கிற இதய டாக்டரிடம் போக மாவட்டம் தாண்ட வேண்டும், அதற்கு இ-பாஸ் என்கிற அரசு அனுமதி வேண்டும். கல்யாணம், சாவு, மருத்துவம் இந்த மூன்றுக்குத்தான் தருவார்கள், அதிலும் என் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாம் என்று மத்திய அரசு விதிமுறையை 2020 மார்ச் 25-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது என்பது எங்களுக்கு ஜூனில்தான் தெரிந்தது. வந்த செய்தி எல்லாம் தப்பான செய்தி. சில பி.பி. மாத்திரைகள் கொரோனாவை அதிகமாக்கும், உடனே நிறுத்துங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடியதே, நிறுத்தவே கூடாது என்று ஐரோப்பிய இதய மருத்துவர் சங்கம் மார்ச் நடுவிலேயே சொல்லியிருந்தது. அதை யாரும் பார்வேர்டு செய்யவில்லை.

ஒன்றை மட்டும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். நான் 34 வருடம் தபால் துறையில் வேலை பார்த்தவன். பஸ், ரயில் எல்லாம் நின்ற அந்த நாட்களில் மருந்துப் பார்சலுக்கு முன்னுரிமை கொடுத்து நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது தபால் துறை. மதுரையிலிருந்து மகன் ஸ்பீடு போஸ்டில் போட்ட மூன்று மாத மாத்திரை வந்த அன்று, 'அண்ணாச்சி, மாத்திரை வந்திருக்கு' என்று தபால்காரத் தம்பி வாசலில் நின்று குரல் கொடுத்தான் பாருங்கள், வேலையில் இருந்தபோது எத்தனையோ மணியார்டர் கொடுத்திருக்கிறேன், அந்தக் குரலின் அருமை வாங்குகிற பக்கம் நின்றபோதுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் இரண்டாம் அலை. அது சர்க்கரைக்காரர்களுக்கு வந்த அலை என்றே சொல்வேன். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, 2021 மே மாதம் மூச்சுத் திணறி ஆக்சிஜனில் இருந்தார், ஸ்டீராய்டு போட்டார்கள். அது போட வேண்டிய மருந்துதான், ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளில் உயிரைக் காப்பாற்றுகிறது என்று 2020 ஜூனிலேயே இங்கிலாந்து ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். அண்ணாச்சிக்கு 400-ஐத் தாண்டியிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது தினமும் சர்க்கரை பாருங்கள், ஒரு பக்கம் கன்னம் மரத்தாலோ மூக்கில் கருப்பாக வந்தாலோ பல் ஆடினாலோ அன்றைக்கே வாருங்கள் என்று அவருக்கு ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. பத்து நாளில் கண் வீங்கியது. சர்க்கரை ஏறிய உடம்பில் பிடித்துக்கொள்கிற கருப்புப் பூஞ்சை நோய். ஊசி மருந்துக்கு ஊர் ஊராக அலைந்தார்கள், உயிர் தங்கியது, வலது கண் போய்விட்டது. லேசான காய்ச்சலுக்கே மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டவர்கள் வேறு எத்தனை பேர்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஊரடங்கில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரே தடவையில் இரண்டு மாத மாத்திரை கொடுத்தார்கள், பஸ் இல்லாமல் வந்து வாங்க முடிந்தவர்களுக்கு அது கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்தார்கள். இப்போது எங்கள் பகுதிக்கு ஒரு பெண் வருகிறார், பி.பி. பார்க்கிறார், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். இது 2020 ஏப்ரலில் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

என் பயம் வேறு. அடுத்து ஒரு பெருந்தொற்று வந்தால் முதல் வேலையாக இந்தப் பெண்ணைத்தான் காய்ச்சல் கணக்கெடுக்க இழுத்துக்கொண்டு போவார்கள். அவரை அந்த வேலைக்கு மாற்றக்கூடாது என்று இப்போதே உத்தரவாக எழுதி வையுங்கள், இல்லை, கணக்கெடுக்கப் போகிறவர் பையிலேயே எங்கள் மாத்திரையையும் வைத்து அனுப்புங்கள், வாசல் ஒன்றுதானே. நெஞ்சு வலி என்று வருகிறவருக்கு முதலில் ஈ.சி.ஜி., தொற்றுப் பரிசோதனை பக்கத்திலேயே நடக்கட்டும் என்று தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் விதி வையுங்கள். அதிலும் சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு சில சமயம் வலியே இல்லாமலும் வரும், வெறும் வியர்வை, களைப்பு, மூச்சு வாங்குதல், அதைத் தொற்று என்று நினைத்து மூலையில் படுக்க வைத்துவிடுவார்கள். ஸ்டீராய்டு போட்டு அனுப்புகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுங்கள், தமிழில். நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. இத்தனை பேரை ஒரு செய்தியின் கடைசி வரியில் அடைக்க முடியாது.

எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களும் சில பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கிறது. காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை என்று இன்சுலினைத் தானாக நிறுத்துகிறோம், நிறுத்தக்கூடாது, அளவைக் கேட்டுக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு நோட்டில் மாத்திரைப் பேரெல்லாம் எழுதி வைத்தால் யார் கூட்டிக்கொண்டு போனாலும் உதவும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் 30 நாள் மாத்திரை எப்போதும் தனியாக இருக்கிறது. மாதா மாதம் காலாவதி தேதி பார்த்து பழசை எடுத்துப் புதுசை வைக்கிறவள் அவள்தான். எண்ணுவதை மட்டும் நான் செய்கிறேன், அவளுக்குத் தெரியாமல்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
கோவில்பட்டி