துருசடிக் குழியைத் தூர்க்க உதவுங்கள்

அன்பான ஊரவர்களுக்கும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கமம் செய்யும் ஊர் நம்முடையது. அடுத்த சிறுபோகத்துக்குத் துருசு (குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் மதகு) திறப்பதற்குள், நுளம்பு பெருகும் கிடங்குகளை இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று கமக்காரரும் மாதர் சங்கமும் சேர்ந்து அமைத்த குழு தீர்மானித்திருக்கிறது. அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

“மலேரியாதான் போய்விட்டதே, இனி எதற்கு?” என்று கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் போனது கிருமி மட்டும். அதைக் காவும் நுளம்பு எங்கும் போகவில்லை. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. ஐந்தாறு வருடம் கழித்து, 1968–69இல், ஐந்து இலட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் படுத்தார்கள். அப்போது நடுங்கிக் கிடந்தவர்கள் இன்னும் நம் திண்ணைகளில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். போதாததற்கு, சான்றிதழ் வந்த அதே ஆண்டின் கடைசியில், அதுவரை இந்த நாட்டில் காணாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு நம் மன்னாரிலேயே அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். கிணறும் தண்ணீர்த் தொட்டியும் இதற்குப் போதும். வெளிநாட்டிலிருந்து கிருமியோடு வந்து இறங்குபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கடித்த நுளம்பு இரண்டு கிழமை உயிரோடு இருந்தால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும்.

இதற்காக வயலைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. நம் பக்கத்துப் பழைய எதிரி அனோபிலிஸ் குலிசிபேசிஸ். சேறு கலங்கிய வயலைவிட, வெயில் படுகிற, தெளிந்த, ஓடாத தண்ணீர்தான் அதற்கு விருப்பம். 1934–35இல் மழை பொய்த்து, ஆறுகள் குட்டை குட்டையாக நின்றபோது, அந்தக் குட்டைகளில் பெருகிய இந்த நுளம்புதான் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது.

துருசு பூட்டி நாலாம் நாள் வாய்க்கால் ஓரம் நடந்து பாருங்கள். துருசடியில் தண்ணீர் விழுந்து விழுந்து தோண்டிய குழி, கட்டுக்கு மண் எடுத்த கிடங்குகள், மாடுகளின் குளம்படிகூட நிறைந்து கண்ணாடி மாதிரி நிற்கும். அகப்பையால் மொண்டால் குடம்பிகள் தண்ணீர் மட்டத்தோடு கிடையாகப் படுத்திருக்கும். (தலைகீழாகத் தொங்கினால் அது வேறு சாதி, டெங்கு நுளம்பும் அப்படித்தான்.) முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள். முறை வைத்துத் துருசு திறந்து விடும் நம் தண்ணீரின் இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதுதான் வில்லங்கம். புகை அடித்தால் அன்றைக்குப் பறக்கிற நுளம்பு சாகும். குழியில் கிடப்பது மறுகிழமை பறக்கும்.

ஆகவே குழியே இருக்கக் கூடாது. மண் எடுத்த கிடங்குகளைப் பெக்கோ இயந்திரம் பிடித்து, கிறவல் போட்டு நிரவ 4 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. துருசடியில் கல்லும் கொங்கிறீட்டும் போட்டு, தண்ணீர் தேங்காமல் வடியச் சரிவு வைக்க 5 இலட்சத்து 10 ஆயிரம். கிணறுகளுக்கு வலை மூடி போட 2 இலட்சத்து 50 ஆயிரம். மொத்தம் 11 இலட்சத்து 80 ஆயிரம். இதில் துருசடி வேலைக்குத்தான் முதலிடம். அதற்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதி கைக்கு வந்த பிறகே கல் இறக்குவோம். கைவிட்ட கிணறுகளில் மீன் விடுவதா, மூடிவிடுவதா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுத்தான் முடிவு செய்வோம்.

ஏக்கருக்கு 1,500 ரூபா வீதம் 300 ஏக்கருக்கும் கமக்காரர் போட ஒத்துக்கொண்டாயிற்று. அது 4 இலட்சத்து 50 ஆயிரம். மிச்சம் 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்குத்தான் உங்களிடம் வருகிறோம். ஐந்நூறு ரூபாவும் பெரிய காசுதான். எவ்வளவு கொடுத்தாலும் பொருளாளரிடம் பற்றுச்சீட்டு வாங்காமல் போகாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டார் மூலம் கொடுக்கலாம். வரவு செலவு மாதம் ஒருமுறை பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டப்படும்.

காசு தர வசதி இல்லாதவர்கள் உழவு இயந்திரத்தையும் பெட்டியையும் ஒரு நாள் விட்டுத் தரலாம், அல்லது ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வரலாம். மத்தியானச் சோறு மாதர் சங்கத்தின் பொறுப்பு.

இப்படிக்கு,
வாய்க்கால் சீரமைப்பு, நுளம்புத் தடுப்புக் குழுவினர்