இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளியிலிருந்து எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். பதவிக்காலம் முடியும் தறுவாயில் தங்கள் பணிகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கை சென்ற வாரம் எங்கள் தெருவிலும் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. கல்விக்கென்று ஒதுக்கியிருந்த பக்கங்களை இருமுறை படித்தேன். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வகுப்பறைகள், சுற்றுச்சுவர், மாணவியர் கழிப்பறை ஆகியவை தங்கள் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து கிடைத்தவை என்பதை, அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கும் நான் நேரில் அறிவேன். சுவர் எழும்பிய பிறகுதான் ஆடு மாடுகள் உள்ளே வருவதும், இரவில் வராந்தாவில் பாட்டில் உடைவதும் நின்றன. இதற்கு நன்றி சொல்லாமல் குறை சொல்லத் தொடங்குவது முறையாகாது.

ஆனால் அந்தப் பக்கங்களில் ஆசிரியர் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதுவும் ஆசிரியர் தின விழாப் படத்தின் கீழே.

11, 12ஆம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் எங்கள் பள்ளியின் இயற்பியல் முதுகலை ஆசிரியர் 2024 பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விட்டார். பல ஆண்டுகள் குடும்பத்தைப் பிரிந்திருந்தவர் என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று முதல் அந்தப் பணியிடம் காலியாகவே உள்ளது. மேலாண்மைக் குழுவின் வழியாக மாதம் 18,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியரை அமர்த்திக்கொள்ள அரசு அனுமதித்த முறையில் நாங்கள் ஒருவரை நியமித்தோம். ஐந்தாம் மாதத்தில் அவர் நீட் பயிற்சி மையம் ஒன்றில் இதைப்போல் இரு மடங்கு சம்பளத்துக்குப் போனார். அடுத்து விண்ணப்பிக்க எவரும் வரவில்லை. இப்போது வேதியியல் ஆசிரியர் தம் பாடத்தோடு 12ஆம் வகுப்பு இயற்பியலையும் இழுத்துக்கொண்டு போகிறார். 11ஆம் வகுப்புக் கால அட்டவணையில் இயற்பியல் என்று எழுதியிருக்கும் பாடவேளையில் பிள்ளைகள் வேறு பாடத்தின் வீட்டுப்பாடத்தை எழுதுகிறார்கள். ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில் வெர்னியர் அளவிகள் நெகிழிப் பையைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. சென்ற ஆண்டு அண்ணன் எழுதிய செய்முறை ஏட்டைப் பார்த்துத் தங்கை அப்படியே எழுதுகிறாள்; அவன் எடுத்த அளவீடுகளே அவள் ஏட்டிலும் இருக்கின்றன.

2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைப் புதிய வகுப்பறைத் திறப்பு விழாவில் தாங்கள் பாராட்டிப் பேசினீர்கள். குறிப்பாக, 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டதைச் சொன்னபோது கைதட்டல் பலமாக எழுந்தது; நானும் தட்டினேன். மூன்றாண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குச் சுமைதான். இருந்தாலும், 2017-18ஆம் கல்வியாண்டில் அந்தத் தேர்வு ஏன் கொண்டுவரப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. 11ஆம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்குக்கூட நடத்தாமல் இரண்டு ஆண்டுகளும் 12ஆம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைக்கும் பழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றியிருந்தது. அதை நிறுத்தத்தான் தேர்வு வந்தது. தேர்வு இல்லாத இன்றைய நிலையில், 11ஆம் வகுப்பில் ஆண்டு முழுவதும் இயற்பியல் நடக்கவில்லை என்பதை எந்தத் தேர்ச்சி அறிக்கையும் மாவட்ட அலுவலகத்துக்குக் காட்டிக்கொடுக்காது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்தப் பாடத்தை டியூஷனில் பிடித்துக்கொள்ளும். எங்கள் பள்ளிப் பிள்ளைக்குப் போன பாடம் போனதுதான்.

மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டையும் தங்கள் அறிக்கை பெருமையோடு குறிப்பிடுகிறது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 180 இயற்பியலுக்கு உரியது; அதன் பாடத்திட்டம் 11, 12 இரு வகுப்புகளையும் உள்ளடக்கியது. நீட் வேண்டாம் என்பதில் தங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அது இருக்கும்வரை, 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்து ஒதுக்கீட்டுக்குத் தகுதிபெற்ற எங்கள் பிள்ளை, ஆசிரியர் இல்லாத ஒரே காரணத்தால் அந்த வாசலுக்குப் போக முடியாமல் நிற்கிறது.

ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25க்கு உரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததைத் தாங்கள் கண்டித்தது நியாயமே. ஆனால் முதுகலை ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவது மாநில அரசின் கையில் உள்ள காரியம். டில்லியின் மீது உள்ள கோபத்தில் இதைச் சேர்க்க இயலாது.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுநாள் நிறைவேறாத முக்கியமான 10 கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் தருமாறு கேட்டது நினைவிருக்கும். தாங்கள் தந்த பட்டியலில் மேம்பாலம், பேருந்து நிலையம், கல்லூரிக் கட்டடம் எல்லாம் இருந்தன. அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பட்டியல் எழுதப்பட்டபோது எங்களை யாரும் கேட்கவில்லை என்பதே என் குறை. வெள்ளிக்கிழமைகளில் கூடும் மேலாண்மைக் குழு, கூலி வேலையை அரை நாள் விட்டுவிட்டு வரும் தாய்மார்கள் நிறைந்த குழு. அவர்கள் நிறைவேற்றும் தீர்மானங்களைப் பெற்றோர் செயலியில் பதிவேற்றுகிறோம். இயற்பியல் ஆசிரியர் கேட்டு மட்டும் ஆறு முறை தீர்மானம் போட்டோம். பதிவேற்றியதும் பச்சை நிறத்தில் ஒரு குறி வருகிறது. அதற்கு மேல் எதுவும் வந்ததில்லை.

ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்ற தொகுதி மேம்பாட்டு நிதியில் சம்பளம் கொடுக்க வழியில்லை என்பது எனக்குத் தெரியும். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, காலிப்பணியிடம் நிரம்பினால் கல்வெட்டு கிடையாது என்பதும் தெரியும். எனினும் பணம் செலவழிக்காமலே தாங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன.

ஆசிரியர் தேர்வு வாரியம் 1,996 முதுகலைப் பணியிடங்களுக்கான தேர்வை 2025 அக்டோபர் 12 அன்று நடத்தியது. தேர்ச்சி பெற்றவர்களுக்கான பணியிடக் கலந்தாய்வில், எங்கள் பள்ளியின் காலியிடம் திரையில் தெரிய வேண்டும். நிர்வாகக் காரணம் என்ற பெயரில் சில இடங்கள் மறைத்து வைக்கப்படுவதாக ஆசிரியர் சங்கங்கள் பல்லாண்டாகக் குறை கூறி வருகின்றன. முதன்மைக் கல்வி அலுவலரிடம் தாங்கள் ஒருமுறை நேரில் கேட்டு, பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் அந்த இடம் காலி என்றே பதிவாகியிருக்கிறதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். பரிந்துரைக் கடிதம் கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு வரும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இத்தொகுதியை விட்டு வெளியே போகவே கேட்கிறார்கள் என்று முன்பு தாங்களே வருத்தத்தோடு சொன்னீர்கள். போகிறவர் இடத்துக்கு யார் வருவார் என்று தெரியும்வரை அத்தகைய கடிதத்தில் கையெழுத்திடத் தாங்கள் தயங்கினாலே எங்களுக்குப் பாதி உதவி. தொகுதியின் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை மாதமாக இல்லை என்ற விவரத்தைச் சட்டமன்றத்தில் கேள்வியாகக் கேட்டு, கிடைக்கும் பதிலை இந்த அறிக்கையைப் போலவே வீடு வீடாகக் கொடுங்கள்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, தாங்கள் கட்டித் தந்த வகுப்பறையில் நடக்கிறது. மேடை, மாலை எதுவும் இருக்காது. ஏழாம் முறையாக அதே தீர்மானம் அன்று வாசிக்கப்படும். தாங்கள் வந்து கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்