மலையில் நடப்பவர்களையும் வன உயிரினப் பாதுகாப்பில் சேர்த்துக்கொள்ளக் கோரும் மனு

அனுப்புநர்:
மலையேற்றம் மற்றும் பறவை நோக்கல் ஆர்வலர்கள்
(கையெழுத்துப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது),
கோயம்புத்தூர்.

பெறுநர்:
முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் மற்றும் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை,
கிண்டி, சென்னை – 600 032.

பொருள்: மலையேற்றத்துக்கும் பறவை பார்க்கவும் காட்டுக்கு வருபவர்களைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களாகப் பதிவு செய்து, மாநிலம் முழுவதும் வன உயிரினப் பாதுகாப்புப் பணிகளில் ஈடுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் பலதரப்பட்டவர்கள். பம்பு பட்டறையில் வேலை செய்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்கள் என்று எல்லாரும் இதில் இருக்கிறோம். விடுமுறை கிடைத்தால் மலைக்குப் போவதுதான் எங்கள் எல்லாருக்கும் பொது. காடு எங்களுக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. பதிலுக்கு நாங்கள் இதுவரை கொடுத்தது பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் மட்டுமே. கட்டணத்தோடு உழைப்பையும் கண்களையும் கொடுக்கத் தயாராக இருக்கிறோம், அதற்கு ஒரு முறையான வழி வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை மலையேறும் யாராலும் மறக்க முடியாது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. அனுமதி இல்லாமல் கூட்டிப்போகும் வழக்கம் கட்டுக்குள் வந்தது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. குடியம் குகை போன்ற எளிய பாதை முதல் வெள்ளியங்கிரி போன்ற கடினமான பாதை வரை அதில் இருக்கின்றன. பழங்குடி இளைஞர்களும் மலையடிவார ஊர்க்காரர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்று வருமானம் பார்க்கிறார்கள். இது நல்ல திட்டம் என்பதை மனதாரச் சொல்கிறோம். குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்தையே மொத்தமாகத் தடை செய்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் பொறுப்போடு திறந்துவிட்டதற்கு நன்றி.

ஆனால் அந்தத் திட்டத்தில் எங்களுக்கு இருக்கும் இடம் சுற்றுலாப் பயணிக்கான இடம் மட்டும்தான். புக்கிங் செய்கிறோம், நடக்கிறோம், படம் எடுக்கிறோம், இறங்கி வருகிறோம். ஒரு நாள் முழுக்கக் காட்டுக்குள் நடந்த குழு எதைப் பார்த்தது என்று யாரும் கேட்பதில்லை. பாதையோரம் புதிதாக முளைத்திருக்கும் களைச்செடி, விலங்குகளைப் பிடிக்க ஓடைக்கரையில் கட்டியிருக்கும் சுருக்குக் கம்பி, போன மாதம் தண்ணீர் இருந்து இப்போது வற்றிக் கிடக்கும் ஊற்று, சாலையில் வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் தேவாங்கு என்று இவற்றையெல்லாம் பார்க்கிறோம். எங்களைவிட வழிகாட்டி அதிகம் பார்க்கிறார். சுருக்கைக் கண்டால் அவரே அவிழ்த்துப் போடுகிறார். அந்தத் தகவல் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அடுத்த சுருக்கு எங்கே கட்டப்படும் என்று ஊகிக்க உதவக்கூடிய தகவல் அப்படியே போய்விடுகிறது. எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

மக்களைச் சேர்த்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுகள் இருக்கின்றன. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் கூடி நடத்திவரும் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஜனவரி பிறந்தால் நள்ளிரவில் கரையோரம் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களையும் உடன் அழைத்துப் போகிறார்கள். அந்த நடைக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பலர் அப்புறம் ஒவ்வோர் ஆண்டும் வரும் தன்னார்வலர்களாக ஆனார்கள். 2025 ஜனவரியில் இந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கியபோது, அவற்றைக் கண்டு எண்ணியவர்களில் இந்த இரவு நடையினரும் இருந்தார்கள். ஆமைகள் சிக்கி மூச்சுத் திணறிச் சாகும் இழுவை வலைகளைப் பற்றியும், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்ற பழைய விதியைப் பற்றியும் மாநிலமே பேசியது.

பறவைகளிலும் அப்படித்தான். 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் தங்கள் ஊர்க் குளத்திலும் வயலிலும் பறவைகளை எண்ணிப் பதிவு செய்து வருகிறார்கள். தங்கள் துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பிலும் அவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டிருக்கிறார்கள். எந்த அரசாணையும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

கடலுக்கும் குளத்துக்கும் கிடைத்த இந்த வாய்ப்பு மலைக்கு இன்னும் கிடைக்கவில்லை. நம் மாநில விலங்கான வரையாட்டையே எடுத்துக்கொள்வோம். 25.14 கோடி ரூபாய் மதிப்பில் தமிழ்நாடு தொடங்கிய வரையாட்டுத் திட்டம், ஒரு குளம்பு விலங்குக்காக ஒரு மாநில அரசு எடுத்த அபூர்வமான முயற்சி. 2024-இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 1,031 வரையாடுகளும், 2025-இல் 1,303 வரையாடுகளும் கணக்கிடப்பட்டன. எண்ணிக்கை ஏறியதில் எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் இரண்டு ஆண்டுக் கணக்கை வைத்து ஒரு விலங்கு தப்பித்துவிட்டது என்று சொல்ல முடியாது. நீலகிரியின் முக்கூர்த்தியிலும் ஆனைமலையின் புல்மலையிலும் கூட்டமாக வாழும் வரையாடுகளுக்குக் கண்காணிப்பு இருக்கிறது. எங்களுக்குக் கவலை, துண்டு துண்டாகக் கிடக்கும் சிறு குன்றுகளில் வாழும் சிறு மந்தைகளைப் பற்றித்தான். வாட்டில் மரமும் பைனும் தைலமரமும் புல்வெளியைத் தின்றுவிட்ட இடங்களில், ஒரு மந்தை இன்னொரு மந்தையோடு சேர வழியில்லாமல் போகிறது. ஆண்டுக்கொரு முறை நடக்கும் கணக்கெடுப்புக்கு நடுவே அந்தக் குன்றுகளில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கக் கூடுதல் கண்கள் வேண்டும். அனுமதிக்கப்பட்ட பாதையிலிருந்தே, தொலைநோக்கியோடு, விலங்கை நெருங்காமல், மாதம் ஒரு முறை பார்த்து எழுதிவைக்கப் பயிற்சி கொடுத்தால் எங்களால் முடியும். தங்கள் கணக்கெடுப்பு முறைக்கு அது மாற்றாகாது. துணையாக இருக்கும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களை உள்ளே விடுங்கள் என்று மட்டும் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. குட்டி ஈனும் காலத்தில் வரையாட்டு வாழிடங்களுக்குள் யாரையும், எங்களையும் சேர்த்துத்தான், விடக் கூடாது. அண்டை மாநிலத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவை அந்தக் காலத்தில் மூடிவிடுகிறார்கள். நம் பாதைகளில் வரையாடு வாழும் பகுதியைத் தொட்டுப் போகும் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு மூடல் காலத்தை முன்கூட்டியே அறிவியுங்கள். காட்டுத்தீப் பருவத்தில் மூடுவதை ஏற்றுக்கொண்டதுபோல் இதையும் ஏற்றுக்கொள்வோம். டிரோன் பறக்கவிடுபவர்கள், கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படம் எடுப்பவர்கள், அரிய உயிரினம் இருக்கும் இடத்தை அப்படியே இணையத்தில் போடுபவர்கள் எங்களைப் போன்றவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். பதிவு பெற்ற தன்னார்வலர் இப்படிச் செய்தால் அவர் பதிவை ரத்து செய்து, மாநிலத்தின் எந்தப் பாதையிலும் அனுமதிக்காமல் விட வேண்டும். இதை நாங்களே கேட்கிறோம்.

அடுத்தது களைச்செடிகள். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மஞ்சள் பூ பூத்து அழகாக நிற்கும் சென்னா என்ற அயல்நாட்டுக் களை மரத்தைப் பார்த்து வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் பலர். அதன் அடியில் புல் முளைப்பதில்லை, மானுக்கும் யானைக்கும் தீனி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. 2022-இல் அரசு களைத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. பெரிய மரங்களை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலையும் நடக்கிறது. வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்க்கும், மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். ஆகவே ஒரு முறை வெட்டியதோடு வேலை முடிவதில்லை. திரும்பத் திரும்பப் போய்க் கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும் மாதங்களில் கையாலேயே பிடுங்கலாம். இயந்திரம் தேவையில்லை, ஆட்கள்தான் தேவை. ஒவ்வொரு வனச்சரகத்திலும் மழைக்காலத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி, எந்த இடம், எந்தச் செடி என்று வனவரும் வழிகாட்டியும் காட்டினால் நாங்கள் வருகிறோம். அதே இடத்துக்கு அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வருகிறோம். ஒரு நாள் வந்து கன்றோடு படம் எடுத்துக்கொண்டு போகும் நிகழ்ச்சியாக இது ஆகிவிடக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மிகவும் அழுத்திச் சொல்கிறோம். தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்கிறார்கள் என்ற காரணத்தால் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரின் வேலையோ தீத்தடுப்புக் காவலரின் தினக்கூலியோ குறையக் கூடாது. யானை விரட்டும் இரவிலும் தீ அணைக்கும் பகலிலும் உயிரைப் பணயம் வைப்பவர்கள் அவர்கள். களை எடுக்கும் பணியில் இப்போது கூலி பெறும் பழங்குடிக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் முடித்துவிட்டுப் போன இடத்தில் பின்தொடர் பணியைச் செய்வதே எங்கள் வேலையாக இருக்கட்டும். தன்னார்வலர் நாளில் வேலை காட்டித் தரும் உள்ளூர்க்காரருக்கு அன்றைய கூலி கொடுக்கப்பட வேண்டும். அதற்காகப் பதிவுக் கட்டணம் வசூலித்தாலும் கட்டத் தயார். அதேபோல் 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமை பெற்ற பகுதிகளில் கிராம சபை சம்மதித்தால் மட்டுமே எங்களை அனுமதியுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வெள்ளியங்கிரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாசி முதல் சித்திரை வரை ஏழு மலை ஏறும் பக்தர்கள் எண்ணிக்கையில் எங்களைப் போல் பல மடங்கு. அடிவாரத்தில் பையைச் சோதித்து, பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி வைப்புத்தொகை வாங்கும் முறை அங்கே பலன் தந்திருக்கிறது. நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்ததும் அதைத் திரும்பக் கொடுத்த திட்டத்தால், யானையின் காலில் கண்ணாடிச் சில்லு ஏறும் ஆபத்து குறைந்தது. எல்லா மலைப்பாதைகளிலும் இதே முறை வரட்டும். பக்தர்களையும் தன்னார்வலர் பதிவில் சேருங்கள். மலையையே சிவனாக நினைத்து ஏறுபவரைவிட அக்கறையோடு அதைக் காப்பவர் கிடைப்பது கடினம்.

எனவே தாங்கள் செய்ய வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதுதான். மலையேற்றம், பறவை நோக்கல், ஆமை நடை ஆகியவற்றில் ஈடுபடுவோருக்கு மாநில அளவில் ஒரே தன்னார்வலர் பதிவு முறையும், கோட்ட அளவில் இரண்டு நாள் பயிற்சியும், அடையாள அட்டையும் வழங்க வேண்டும். ஒவ்வொரு மலையேற்றக் குழுவும் இறங்கியதும் வழிகாட்டியின் பொறுப்பில் ஒரு பக்கக் குறிப்பு நிரப்பி வனச்சரகத்தில் சேர்க்கும் வழக்கம் வர வேண்டும். சுருக்கு, தீ, அடிபட்ட விலங்கு பற்றிய தகவல் அன்றே சரக அலுவலரை எட்ட வேண்டும். வேட்டைக்காரர் கைக்குப் போகக் கூடாத இடவிவரங்களைத் துறை தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். மற்றபடி எத்தனை தகவல் வந்தது, அதன்மேல் என்ன செய்யப்பட்டது என்பதை ஆண்டுக்கு ஒரு முறை வெளியிட வேண்டும். மலையேற்றக் கட்டணத்தில் எவ்வளவு அந்தந்தப் பாதையின் வாழிடச் சீரமைப்புக்குச் செலவாகிறது என்பதும் அதில் இருந்தால் நல்லது.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்க முடியாது என்பது எங்களுக்குப் புரிகிறது. கோயம்புத்தூர், நீலகிரி, தேனி மாவட்டங்களில் தலா ஒரு சரகத்தில் ஓர் ஆண்டு நடத்திப் பார்த்துவிட்டு மற்ற மாவட்டங்களுக்கு விரிவாக்கலாம். பதிவுப் படிவம், பயிற்சிக்கான பாடத்திட்டம், ஒரு பக்கக் குறிப்பின் மாதிரி ஆகியவற்றை வழிகாட்டிகள் சிலரோடு உட்கார்ந்து பேசித் தயாரித்து இத்துடன் இணைத்திருக்கிறோம். திருத்தம் எதுவானாலும் ஏற்றுக்கொள்வோம்.

வரும் பருவமழைக்கு முன்பே முதல் பயிற்சி நடந்தால் இந்த ஆண்டே களை பிடுங்கும் பணியைத் தொடங்கிவிடலாம். இதுபற்றி நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகள் ஐந்து பேருக்கும், இரண்டு பழங்குடி வழிகாட்டிகளுக்கும் நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலையேற்றம் மற்றும் பறவை நோக்கல் ஆர்வலர்கள்,
கோயம்புத்தூர்.

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், பதிவுப் படிவ மாதிரி, பயிற்சிப் பாடத்திட்ட வரைவு, மலையேற்றக் குறிப்புத்தாள் மாதிரி.

நகல்: அரசு கூடுதல் தலைமைச் செயலாளர், சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.